சௌகண்டியில் சற்று இறங்குவோம்

காசியிலிருந்து சாரநாத்துக்குச் செல்லும் சாலையில், இடிபாடுகள் உள்ள இடத்துக்கு ஏறத்தாழ அரை மைல் முன்பே, இடப்புறத்தில் பெரியதொரு செங்கல் மேடு நிற்கின்றது. அதன் உச்சியில் எட்டுப் பட்டையுடைய ஒரு கோபுரம். சௌகண்டி என்பது அதன் பெயர். காசியில் பயிலும் தமிழ் மாணவர்களுள் சாரநாத்தைக் காணாதவர் மிகச் சிலரே. ஆனால் சௌகண்டியில் வண்டியை நிறுத்தி இறங்கியவர் எத்தனை பேர்? அசோகனின் சிங்கத் தூணைக் காணும் விரைவில் அந்த மேட்டைக் கடந்து விடுகின்றோம். சிங்கத்தையாவது நாம் ஒவ்வொரு ரூபாய் நாணயத்திலும் காணலாம். சௌகண்டியின் கதையை அங்கு நின்றுதான் உணர முடியும்.

அக்கதை என்ன? கௌதமர் கடுந்தவம் புரிந்த காலத்தில் அவருடன் ஐவர் இருந்தனர். கொண்டஞ்ஞர், வப்பர், பத்தியர், மகாநாமர், அஸ்ஸஜி என்பன அவர்தம் பெயர்கள். உடலை வாட்டுவதால் பயனில்லை எனக் கண்டு கௌதமர் உணவு உண்ணத் தொடங்கினார். ‘இவர் சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார்’ என்று வெறுத்து ஐவரும் பிரிந்து சென்றனர். பின்பு கயையில் மெய்யறிவு பெற்ற புத்தர், அவ்வைவரைத் தேடிக் காசிக்கு நடந்து வந்தார். தொலைவில் அவரைக் கண்ட ஐவரும் தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்து கொண்டனர். எழுந்து நிற்பதில்லை, வணங்குவதில்லை, அவர் கையிலுள்ள பாத்திரத்தை வாங்குவதில்லை. ஆனால் அவர் அருகே வர வர அந்தக் கட்டுப்பாடு தானே தளர்ந்தது. ஒருவர் பாத்திரத்தை வாங்கினார். ஒருவர் இருக்கை இட்டார். ஒருவர் கால் கழுவ நீர் கொணர்ந்தார்.

நண்பர்களே, இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். எழுந்து வரவேற்றதனால் அவர்கள் உடன்பட்டுவிடவில்லை. புத்தர் பேசத் தொடங்கியதும் மும்முறை மறுத்தார்கள் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. மறுத்த பின்பே செவி கொடுத்தார்கள். செவி கொடுத்த பின்பே தெளிந்தார்கள். முதலில் மரியாதை, பிறகு வாதம், அதன் பிறகே உடன்பாடு. விடுதி அறைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக அன்றோ வைத்திருக்கின்றோம்? மாற்றுக் கொள்கையினர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். அதற்குக் கொள்கைப் பற்று என்று பெயரும் சூட்டுகின்றோம்!

அந்தச் சந்திப்பு நிகழ்ந்த இடமாகக் கருதப்படுவதே சௌகண்டி. குப்தர் காலத்தில் செங்கல்லால் படிப்படியாகத் தளங்கள் எழுப்பினர். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மடாலயத்துக்குத் தென்மேற்கே ஐவர் புத்தரை எதிர்கொண்ட இடத்தில் உயர்ந்த தூபி ஒன்று இருந்ததை எழுதி வைத்தார். சௌகண்டியே அது என்பது ஆய்வாளர் முடிவு. 1835-36இல் கன்னிங்காம் என்ற ஆங்கிலேயர் மேட்டின் நடுவே கிணறுபோல அடித்தளம் வரை தோண்டிப் பார்த்தார். எலும்பும் இல்லை, பேழையும் இல்லை. ஆம், இது எவருடைய சாம்பலையும் காக்க எழுந்ததன்று. ஒரு சந்திப்பின் நினைவைக் காக்க எழுந்தது.

உச்சியிலுள்ள கோபுரத்தின் கதை வேறு. முகலாய மன்னர் உமாயூன் ஒரு நாள் இங்கு வந்து தங்கினார். அந்த நினைவாக அவர் மகன் அக்பரின் ஆட்சியில், 1588இல், இக்கோபுரம் எழுந்தது என்று வடக்கு வாயிலின் மேலுள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. தோடர்மாலின் மகன் கோவர்த்தன் கட்டியது என்பர். ஊர் மக்களுக்கோ புத்தரும் நினைவில்லை, உமாயூனும் நினைவில்லை. லோரி என்ற இடையன் ஒருவன் மேலிருந்து குதித்து மாண்டான் என்று சொல்லி, ‘லோரியின் குதிப்பு’ எனப் பெயரிட்டிருந்தனர்.

‘புத்தரின் தூபிமேல் மன்னனின் கோபுரம் இருக்கலாமா?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கோபுரத்தின் கல்வெட்டு, அடியிலிருக்கும் தூபியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை என்பது உண்மை. ஆனால் மேலதை இடித்தால் கீழது மீளுமா? 400 ஆண்டுக்கு மேற்பட்ட நினைவு ஒன்று அழியும், அவ்வளவே. இடித்தலின் பயனைச் சாரநாத்திலேயே காணலாம். 1794இல் ஜகத் சிங்கின் ஆட்கள், ஜகத்கஞ்ச் என்னும் பகுதியைக் கட்டுவதற்காகத் தர்மராஜிகத் தூபியைப் பெயர்த்துச் செங்கல் எடுத்தனர். உள்ளே கிடைத்த எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. இன்று அங்கே எஞ்சியிருப்பது வட்டமான அடித்தளம் மட்டுமே. அங்கு எவரும் எதன்மேலும் கோபுரம் கட்டவில்லை. ஆயினும் தூபி போயிற்று!

ஓர் இடம் ஒரு கதைக்கு மட்டுமே உரியது என்று வழக்காடுவது இந்நாளில் பெருகி வருகின்றது. காசியில் வாழும் நாம் அதை நன்கறிவோம். சௌகண்டியோ மூன்று கதைகளைச் சுமந்தும் சாயாமல் நிற்கின்றது. 2019இல் தொல்லியல் துறை அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு அரசின் கடமை. அறிந்து கொள்வது நம் கடமை.

தமிழர்க்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்பவருக்கு மணிமேகலையை நினைவூட்டுவேன். அக்காப்பியத்தில் அமுதசுரபியை முதலில் ஏந்திய ஆபுத்திரனின் தாய் சாலி, வாரணாசியிலிருந்து குமரிக்குப் போனவள். அவள் தெற்கே போன வழியில் நாம் வடக்கே வந்திருக்கின்றோம். அந்நூலைப் பாடமாகப் படித்துவிட்டு, புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த ஊரின் வாயிலில் நில்லாமல் போவது அழகன்று.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிய மாணவர்களைச் சாரநாத்துக்கு அழைத்துச் செல்கையில் வண்டியைச் சௌகண்டியில் நிறுத்துங்கள். மூன்று கதைகளையும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். அங்கிருந்து இடிபாடுகள் வரை நடந்தே போகட்டும். அரை மைல்தான். புத்தர் கயையிலிருந்து நடந்து வந்தார். நமக்கு இவ்வளவு நடக்கக் கால் வலிக்காது.