காற்றின் பெயர் தெரியாத தலைமுறையா நாம்?

ஒரு மே மாத மாலை. கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்க முற்றத்துக்குப் போன என் உம்மம்மா அப்படியே நின்றுவிட்டார். "காத்து மாறிட்டு புள்ள. இனிச் சோளகம்தான்" என்றார். எனக்கு அது வெறும் காற்று. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வீசுவதாகக் காட்டியது. உம்மம்மாவோ எதையும் பார்க்கவில்லை. கன்னத்தில் பட்டதை வைத்தே சொல்லிவிட்டார்.

மறுநாள் வகுப்பில் தோழியரிடம் ஒரு கேள்வி கேட்டேன். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் ஆகிய நான்கும் எந்தெந்தத் திசைக் காற்றுகள்? இருபத்தாறு பேரில் நான்கையும் சரியாகச் சொன்னவர்கள் இருவர்தான். இருவருமே கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். கச்சான் என்றதும் மற்றவர்களுக்கு நினைவு வந்தது வறுத்த நிலக்கடலை! எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து சோளகம். கிழக்கிலிருந்து கொண்டல். மேற்கிலிருந்து கச்சான். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் பலத்து வீசும்போது மன்னார்த் தீவின் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். எந்தக் கரையில் வள்ளத்தைத் தள்ளுவது, எப்போது கருவாடு காயப்போடுவது, எந்த மாதத்தில் கூரை வேய்வது என்பதையெல்லாம் இந்த நான்கு பெயர்களை வைத்தே நம் முன்னோர் முடிவு செய்தார்கள்.

இந்த அறிவு நம் கையிலிருந்து நழுவிப் போகிறது. அதைப் பிடித்து வைக்க நம் பாடசாலை மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு பருவ ஏடு எழுத வேண்டும் என்பதே என் கருத்து.

அறிவு ஏன் நழுவியது? சோம்பல் மட்டும் காரணமல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு மக்களில் பலர் எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். மாரி தொடங்கும் நேரம் அது. வீடு, நகை, ஆடு மாடு என்று எல்லோரும் விட்டுவந்ததைக் கணக்கிடுகிறோம். கணக்கில் வராத இன்னொன்றும் அன்று அறுந்தது. பனை சூழ்ந்த ஊரில் வளர்ந்தவர்கள் தென்னை சூழ்ந்த புத்தளத்தில் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மன்னார் என்பது கதையில் கேட்ட ஊர். போர் முடிந்து திரும்பி வந்தபோது காணிக்கு உறுதி தேடினோம். காற்றின் பெயரைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. என் உம்மாவே நுங்கையும் பனங்கிழங்கையும் அறிவார். கிழங்குக்குப் பாத்தி போடுவது எப்போது என்று கேட்டால் உம்மம்மாவைத்தான் பார்ப்பார்.

உம்மம்மா ஒருநாள் சொன்னார், "முகாமில புடிச்ச முதல் நோன்பு வெயில் காலத்தில வந்தது. இப்பதான் அது சுத்தித் திரும்பி வந்திருக்கு." நான் கணக்குப் பார்த்தேன். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆகவே நோன்பு ஒவ்வொரு வருடமும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் தொட்டு வருகிறது. 1991 மார்ச்சில் தொடங்கிய அந்த நோன்பு 2024 மார்ச்சில் திரும்பி வந்திருந்தது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத உம்மம்மாவின் கணக்கு சரி!

இயற்கையைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. மாதந்தோறும் மேற்கு வானத்தில் பிறை தேடும் சமூகம் நாம். கண்ட இடம், நேரம், சாட்சி எல்லாம் கேட்டு விசாரித்த பிறகே கொழும்பு பெரிய பள்ளிவாசலில் முடிவு சொல்கிறார்கள். ஒரு பொருளைக் கண்ணால் பார்ப்பது, பார்த்த நேரத்தைச் சொல்வது, பொறுப்போடு சாட்சி கூறுவது: விஞ்ஞான பாடத்தில் அவதானிப்பு என்று படிப்பதும் இதைத்தானே? பிறை பார்க்கும் கண்ணை ஏன் மற்ற நாட்களில் மூடிக்கொள்கிறோம்?

நம் வாசலில் நடப்பதைப் பாருங்கள். பெருநிலத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவியர் தாம்போதியைக் கடக்கும்போது வங்காலைச் சரணாலயத்தின் பக்கமாகத்தான் வருகிறார்கள். 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த இடம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரி தொடங்கும்போது வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் இங்கே வந்திறங்குகின்றன. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இரண்டு கடற்காக்கைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி, மேகா, மேனிகா என்று பெயரிட்டார்கள். அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை பறந்தன. பூநாரைகளைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து இரவிரவாக வாகனம் ஓட்டி வருகிறார்கள். நாமோ அதே பாலத்தில் தலைகுனிந்து கைப்பேசியைப் பார்த்தபடி போகிறோம்.

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரம் பூத்த நாளை 1,200 ஆண்டுகளாக நாட்குறிப்புகளில் எழுதி வந்திருக்கிறார்கள். விழாவுக்காக எழுதியவைதான் அவை. இன்று உலகம் வெப்பமாவதற்கு அவை சான்றாக நிற்கின்றன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகள் நம் தென்கரையில் சுழல்கின்றன. 2025 இல் புதிய காற்றாலைகளையும் கனியமணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் நகரில் மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். முன்பைவிட வெள்ளம் அதிக நாள் தேங்குகிறது என்றார்கள். பறவைகள் குறைந்துவிட்டன என்றார்கள். அதற்குச் சான்று கேட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது? அவர்கள் சொன்னது சரியா தவறா என்பது இங்கே என் பேச்சல்ல. பத்து வருடமாக ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைகள் எழுதிய கொப்பிகள் இருந்திருந்தால், அதிகாரிகளும் மக்களும் ஒரே மேசையில் வைத்துப் படித்திருக்கலாம்.

பெற்றோரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. உயர்தரப் பரீட்சை இருக்கிறது, நேரமில்லை என்பீர்கள். வாரத்துக்கு ஐந்து வரி போதும். அதற்குப் பத்து நிமிடம் ஆகாது. பெண்பிள்ளையைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் எப்படி அனுப்புவது என்பீர்கள். அனுப்பவே வேண்டாம். பார்க்க வேண்டியவற்றில் பாதி நம் முற்றத்திலேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் எந்த வாரத்தில் உவர்க்கத் தொடங்கியது? முதல் மழை எந்த நாள் விழுந்தது? தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது? முதல் பனம்பழம் எப்போது விழுந்தது? நீர் இறைக்கும், சமைக்கும் பெண்களுக்குத்தான் கிணற்றின் சுவை முதலில் தெரியும். பெருநிலத்துப் பிள்ளைகள் கட்டுக்கரைக் குளம் வான் பாய்ந்த நாளையும், காலபோகத்துக்கு விதைத்த நாளையும் எழுதலாம். பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் நிற்கிறது. உல்லாசப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அது எந்த மாதத்தில் இலை உதிர்க்கிறது, எந்த மாதத்தில் பூக்கிறது? எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாடசாலை நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். வருட முடிவில் இந்தக் கொப்பிகளை வாங்கி, நூலகத்தில் ஒரு அலுமாரித் தட்டில் ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை. நாங்கள் விலகிப் போன பிறகு வரும் தங்கைமார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள முதியவர்களைப் பிள்ளைகளோடு உட்காரவிடுங்கள். 1990 இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போனபின் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

நான் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் தொடங்கிவிட்டேன். முதல் வரி இது: "இன்று காற்று மாறியது. சோளகம் என்று உம்மம்மா சொன்னார்." உங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் யார்? இன்று மஃரிபுக்கு முன் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.