பட்டை ஏத்திட்டா வண்டி பலமாயிடுமா?

பழைய பிக்கப் வச்சிருக்கிற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "பின்னாடி உக்காந்துடுச்சு தம்பி, ரெண்டு பட்டை ஏத்தணும்" என்பார்கள். ஸ்பிரிங் பட்டறைக்குப் போனால் அங்கேயும் அதே பதில்தான். வண்டி காலையில் உள்ளே போகும், சாயங்காலம் பின்பக்கம் நாலு விரல் தூக்கி நிமிர்ந்து வெளியே வரும். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ஓனருக்குத் திருப்தி, பட்டறைக்காரருக்கு வேலை.

என் கருத்து இதுதான்: பத்து வருஷம் ஓடின வண்டிக்குப் பட்டை ஏத்துறது அப்கிரேடு இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அது வண்டியை முன்பைவிட ஆபத்தாக்குது. இதை அந்த ஓனருக்குப் புரியும்படி சொல்ல வேண்டிய ஆட்கள் நாமதான். மெக்கானிக்கலும் ஆட்டோமொபைலும் படிச்சிட்டு நாம சொல்லாம யார் சொல்வாங்க?

எந்த வண்டியைப் பத்திப் பேசுறேன்னு தெளிவா சொல்லிடுறேன். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது, ஒசூரில் தயாரானது, 1.25 டன் ஏத்தலாம்னு கம்பெனி கொடுத்த வண்டி. முதல் வருஷங்களில் வாங்கின தோஸ்த் எல்லாம் இன்னைக்குப் பழைய வண்டி. பொலிரோ பிக்கப், டாடா 207, 2005-ல் வந்த ஏஸ் என்கிற நம்ம குட்டியானை, எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே விஷயம்தான்: லீஃப் ஸ்பிரிங். மாட்டு வண்டிக் காலத்து ஐடியான்னு நாம கிளாஸ்ல சிரிக்கிறோம். ஆனா ஒரே பாகம் எடையைத் தாங்கும், ஆக்சிலை இடத்தில் பிடிச்சு வைக்கும், பட்டைக்குப் பட்டை உரசுறதால குதிப்பையும் கொஞ்சம் அடக்கும். மூணு வேலை செய்ற பாகத்தை இவ்வளவு மலிவா வேற யாரும் செஞ்சு காட்டலை.

இப்போ கணக்குக்கு வருவோம். செமஸ்டர் முடிஞ்சதும் மறந்த அதே கணக்குதான், பயப்படாதீங்க. லீஃப் ஸ்பிரிங்கோட விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதம், பட்டையின் தடிமனுக்கு மும்மடி விகிதம். அஞ்சு பட்டை இருக்கிற செட்டில் அதே மாதிரி ரெண்டு சேர்த்தால் விறைப்பு 1.4 மடங்கு. 7 மில்லிமீட்டர் பட்டைகளை 8 மில்லிமீட்டராக மாத்தினால் எண்ணிக்கை கூடாமலே ஏறக்குறைய 1.5 மடங்கு. பட்டறையில் "கொஞ்சம் தடியா போட்டுருக்கேன்ணே"ன்னு சொல்ற அந்த 'கொஞ்சம்' அவ்வளவு பெரிசு.

சரி, விறைப்பு கூடினா என்ன தப்பு? லோடு ஏத்தும்போது உட்காராது, அதுதானே வேணும்? ஆனா வண்டி பாதி நேரம் காலியா திரும்பி வருது. பின் ஆக்சில் மேல் காலியா இருக்கும்போது 500 கிலோ, லோடோட 1,600 கிலோன்னு ஒரு உதாரணம் வச்சுக்குவோம். லோடோட நொடிக்கு ஒன்றரை தடவை ஆடுற ஸ்பிரிங், காலியா இருக்கும்போது ஏறக்குறைய 2.7 தடவை ஆடும். பிக்கப் காலியா போகும்போது தட்டு தட்டுன்னு குதிக்கிறது இதனாலதான். ரெண்டு பட்டை ஏத்தினா அது 3.2-க்குப் போகும். உட்கார்ந்திருக்கிற மனுஷனோட முதுகுத்தண்டு செங்குத்து அதிர்வுல அதிகமா கஷ்டப்படுறது நொடிக்கு 4 முதல் 8 வரைக்கும் உள்ள அதிர்வுகளில். நாம காசு கொடுத்து அந்த எல்லையை நோக்கி வண்டியைத் தள்ளுறோம். டிரைவர் அண்ணன்கள் நாற்பது வயசுலேயே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. எல்லாத்துக்கும் பட்டைதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா பட்டைக்கும் பங்கு இருக்கு.

இன்னொரு விஷயம் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை விறைப்பாக்கிட்டு ஷாக்கை அப்படியே விட்டா, குதிப்பை அடக்குற விகிதம் குறையும். ரெண்டு பட்டைக்கு சுமார் 15 சதவீதம் குறையுது. அது புது ஷாக்கோட கணக்கு. பழைய வண்டியில் ஷாக் பெரும்பாலும் ஆயில் கசிஞ்சு, வெறும் கம்பியா தொங்கிக்கிட்டு இருக்கும். குதிச்ச சக்கரம் ரோட்டை விட்டு மேலே நிக்கிற நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மழையில் காலி பிக்கப் பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு வேற விளக்கம் தேடத் தேவையில்லை.

இதுவரைக்கும் சொன்னது நல்லா செஞ்ச வேலையைப் பத்தி. பட்டறையில் நடக்கிறது அதுகூட இல்லை. புதுப்பேட்டையிலயோ உக்கடத்துலயோ எடுத்த வேற வண்டிப் பட்டை ஒண்ணு வரும். அதோட வளைவு வேற, அகலம்கூட ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். லீஃப் செட்டில் ஒவ்வொரு சின்னப் பட்டையும் மேலே இருக்கிறதைவிடக் கொஞ்சம் அதிகமா வளைஞ்சிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? சென்டர் போல்ட்டை முறுக்கும்போது எல்லாம் ஒண்ணோடு ஒண்ணு இறுகி, மெயின் பட்டை மேல வர்ற அழுத்தத்தை முன்கூட்டியே குறைச்சிடும். இதைத்தான் புத்தகத்தில் 'நிப்'னு படிச்சோம். ரெண்டு மார்க் கேள்வி. வளைவு பொருந்தாத ஒரு பட்டையை நடுவில் சொருகினா அந்தச் சமன்பாடு போச்சு. அது முடியற இடத்திலயே மெயின் பட்டை ஒடியும். மெயின் பட்டை ஒடிஞ்சா ஆக்சிலைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லை, பின் சக்கரம் ஒரு பக்கமா திரும்பிக்கும்.

அதுலயும் சிலர் கேஸ் கட்டிங் வச்சு ஓட்டையைப் பெரிசாக்குறாங்க. ஸ்பிரிங் ஸ்டீல்னா வெப்பப் பதப்படுத்தல்ல உயிர் வாழ்ற உலோகம். அதுல நெருப்பைக் காட்டின இடம் இனிமே ஸ்பிரிங் இல்லை, சாதா இரும்பு. இல்லைன்னா, கடினமாகி வெடிக்கக் காத்திருக்கிற இரும்பு.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டியது பிரேக்கைப் பத்தி. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்ன நெம்புகோல் வச்ச வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி கீழே உட்கார்ந்தா, "ஓ, எடை இருக்கு"ன்னு புரிஞ்சுக்கிட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியா இருந்தா குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்காம இருக்கணுமே. இப்போ பட்டை ஏத்தி வண்டியை நாலு விரல் தூக்கிட்டோம். ஒன்றரை டன் ஏத்தியும் வண்டி உட்காரலை. வால்வுக்கு என்ன தெரியும்? வண்டி காலின்னு நினைச்சுக்கும். இருக்கிற எடைக்கு வேண்டிய பின் பிரேக்கைக் கொடுக்காது. எடை கூடிடுச்சு, பிரேக் குறைஞ்சுடுச்சு, வண்டி மட்டும் பார்க்க நிமிர்ந்து நிக்குது. வால்வோட செட்டிங்கை மாத்தணும்னு எத்தனை பட்டறையில் யோசிக்கிறாங்க?

தாளவாடியிலிருந்து கோஸ் ஏத்திக்கிட்டு திம்பம் இறங்குற வண்டியை நினைச்சுப் பாருங்க. 27 கொண்டை ஊசி வளைவு. அனுமதிச்ச எடைக்கு மேல 500 கிலோ கூட இருந்தா, ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் கூடுதலா 4.9 லட்சம் ஜூல் எங்கேயாவது போயாகணும். ஒன்றரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. எஞ்சின் பிரேக் ஒரு பங்கை வாங்கிக்கும், மிச்சம் பிரேக் லைனிங்குக்கு. இது கூடுதல் எடைக்கு மட்டும், வண்டியோட எடைக்கான சூடு தனி. ஸ்பிரிங்குக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. வண்டியோட தாங்கும் திறன்கிறது ஸ்பிரிங் மட்டும் இல்லை. பிரேக், டயர், ஆக்சில், பேரிங், சேசிஸ் எல்லாத்துலயும் பலவீனமானது எதுவோ, அதுதான் திறன். ஸ்பிரிங் உட்கார்றது ஒரு எச்சரிக்கை. பட்டை ஏத்துறது அந்த எச்சரிக்கை விளக்கோட ஒயரைப் பிடுங்கி விடுறது மாதிரி.

இதையெல்லாம் எங்க ஊர்ல தோஸ்த் வச்சிருக்கிற ஒரு மாமாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார். "மாப்ள, நீ சொல்றது சரி. ஆனா ஒன்னேகால் டன்னுதான் ஏத்துவேன்னு நான் சொன்னா, ரெண்டு டன் ஏத்துறவனுக்கு வாடகை போகும். டியூ யாரு கட்டுறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ஃபார்முலா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தைக் காட்டலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் 194-வது பிரிவில் அதிக லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆனா அபராதம் மாட்டினா விழும், மாட்டலைன்னா வாடகை வரும். தினமும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் வண்டி எடுக்கிறார். தப்பு அவர் பக்கம் மட்டும் இல்லை. எடைக்கு ஏத்த வாடகை கொடுக்காம "ஒரே டிரிப்ல கொண்டு வந்துடுங்க"ன்னு சொல்ற கடைக்காரரும், கான்ட்ராக்டரும், நம்ம வீட்டுக்கு ஜல்லி இறக்கச் சொல்ற நம்ம அப்பாவும் இதில் பங்குதாரர்கள். அதனால "ஓவர்லோடு தப்பு"ன்னு லெக்சர் அடிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனா அவரோட வண்டியைக் குனிஞ்சு பார்த்தப்போ ஒண்ணு தெரிஞ்சது. உட்கார்ந்திருந்ததுக்குக் காரணம் எடை மட்டும் இல்லை. ஷாக்கிள் புஷ் ரப்பர் தூளாகிப் போயிருந்தது, ஒரு பக்க ஷாக் செத்துப் போச்சு, இடது பக்கம் மூணாவது பட்டையில் சென்டர் போல்ட் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். இதுக்கு மேல ரெண்டு பட்டை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

பழைய பிக்கப்புக்கு உண்மையான அப்கிரேடுன்னா என் பார்வையில் இதுதான்: அதைப் புதுசா இருந்த நிலைமைக்குக் கொண்டு வர்றது. முதல்ல புஷ், ஷாக்கிள் பின். அடுத்து நாலு ஷாக்கும், ஒண்ணு போச்சுன்னா ஜோடியாவாவது. பட்டை விரிஞ்சிருந்தாலோ வளைவு போயிருந்தாலோ, கம்பெனி அளவிலேயே முழு செட். சுத்தியலால் தட்டி வளைவு ஏத்தினது கொஞ்ச நாள்லயே திரும்ப உட்காரும். யூ போல்ட்டைக் கழட்டினா புதுசு போடணும், ஏன்னா ஒரு தடவை இழுபட்ட போல்ட் திரும்ப அதே இறுக்கத்தைப் பிடிக்காது. மாட்டி ரெண்டு மூணு நாள் லோடு ஓடினதும் மறுபடி முறுக்கணும். பட்டறையில் எல்லாருக்கும் தெரிஞ்ச, யாரும் செய்யாத வேலை இது.

"இல்லப்பா, எனக்குக் கொஞ்சம் கூடுதல் தாங்கணும்"னு ஒருத்தர் அடம் பிடிச்சா, மெயின் செட்டைத் தொடாம ஹெல்பர் ஸ்பிரிங் போடுறது பரவாயில்லை. லோடு ஏறினா மட்டும்தான் அது வேலைக்கு வரும், காலியா வரும்போது முதுகைக் கேட்காது. ஆனா அதுவும் ஆர்.சி.யில் இருக்கிற எடைக்குள்ளதான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த 52-வது பிரிவு இடம் கொடுக்கலைங்கறதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க. ஆர்.சி.யில் லோடோட எடை, காலி எடை ரெண்டுமே இருக்கும். கழிச்சுப் பார்க்கச் சொன்னா போதும். பல ஓனர்கள் அந்தக் கழித்தலைப் போட்டதே இல்லை.

கடைசியா நம்ம டிபார்ட்மென்ட் மேல ஒரு கோபம். பக்கி போட்டிக்கு வருஷா வருஷம் டபுள் விஷ்போன் டிசைன் பண்றோம், சாஃப்ட்வேரில் கலர் கலரா ஸ்ட்ரெஸ் படம் எடுக்கிறோம், டி-ஷர்ட் அடிக்கிறோம். நல்ல விஷயம், நானும் அந்த டீம்லதான் இருக்கேன். ஆனா நம்ம மெஸ்ஸுக்கு தினமும் காலையில் காய் கொண்டு வர்ற பிக்கப்போட பின் ஸ்பிரிங்கை நாலு வருஷத்தில் நம்ம யாராவது குனிஞ்சு பார்த்திருக்கோமா? ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு கடப்பாரை போதும். சமதளத்தில் நிறுத்தி ரெண்டு பக்கமும் ஆக்சிலிலிருந்து பாடி வரைக்கும் உயரம் அளங்க. பின் பம்பர் மேல ஏறிக் குதிச்சு இறங்குங்க, வண்டி ஒன்றரை ஆட்டத்துக்கு மேல ஆடினா ஷாக் போச்சு. கடப்பாரையை ஸ்பிரிங் கண்ணுக்குப் பக்கத்தில் வச்சு நெம்பினா புஷ் கதை தெரியும். பட்டைகளுக்கு நடுவில் டார்ச் அடிச்சா விரிசலும் இடைவெளியும் தெரியும். ஒரு வண்டிக்குப் பதினஞ்சு நிமிஷம்.

மார்ச் மாசம் நம்ம சிம்போசியம் வருது. ஒரு ஸ்டாலுக்குப் பதிலா பின் கேட் பக்கம் இந்தச் செக்கப்பை இலவசமா வைக்கலாம்னு அசோசியேஷன்ல கேட்டிருக்கேன். "டிரைவர்கள் வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. டீயும் வடையும் கொடுத்தா வருவாங்கன்னுதான் நினைக்கிறேன். கடப்பாரை நான் கொண்டு வர்றேன். டார்ச் இருக்கிறவங்க பேர் கொடுங்க.