சேவகனுக்குச் சாட்சி யார்?

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ ஆறு மைல் சென்றால் அக்குறணை வரும். அவ்வூர் முஸ்லிம் மக்களிடையே ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. இரண்டாம் இராஜசிங்க மன்னன் (1635 - 1687) காலத்தில் அவனுடைய படைக்குத் துணைநின்ற அரபு வீரர் சிலர், இங்கேயே மணம் முடித்துத் தங்கினர் என்பதும், தம் முன்னோர் அவர்களே என்பதும் அச்செய்தி. இதற்கு ஓலை உண்டா, செப்பேடு உண்டா என்று வரலாற்றாசிரியர் கேட்பர். அவர் கேட்பது முறையே. ஆனால், சாதாரணப் படைவீரன் தான் சேவித்தமைக்கு எந்தக் காலத்தில்தான் கையில் ஓலை வைத்திருந்தான்?

அக்காலத்துக் கண்டிப் படைவீரனின் வாழ்வை நமக்கு எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. சேவகனுக்குப் பணச் சம்பளம் இல்லை, நிலமே சம்பளம். தந்தைக்குப் பின் மகன் அந்த நிலத்தையும் ஊழியத்தையும் சேர்த்தே ஏற்பான். போருக்குப் புறப்படுகிறவன் தனக்கு வேண்டிய அரிசி, உப்பு, சோறு சமைக்கும் சட்டி யாவற்றையும் தானே சுமந்து செல்ல வேண்டும். மழைக்குக் கூடாரமாவது தாளிப்பனையின் ஓலை. கொண்டுசென்ற அரிசி தீர்ந்ததும் மீண்டும் எடுத்துவர வீட்டுக்குப் போய்விடுவான். ஆதலால் ஒரு மாதம் கழிந்தால் படையின் பெரும்பகுதி களத்தில் இராது என்கிறார் நொக்ஸ். படைத்தலைவர்களின் பாட்டை நாம் ஊகித்துக் கொள்ளலாம்!

இந்த முறையில் முதிய சேவகனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவன் மனு எழுதத் தேவையில்லை, வயலே சாட்சி. இன்னார் ஊழியம் செய்து உண்ணும் நிலம் இது என்பதை ஊரே அறியும். எனினும் இதனை உபகாரச் சம்பளம் என்று எண்ணிவிடலாகாது. ஊழியம் தவறினால் நிலமும் கைவிட்டுப் போகும். முதுமைக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கப்படவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்கள் போன்றவற்றில் ஊழியம் தொடர்ந்ததேனும், அரசனுக்கும் சேவகனுக்கும் இடையே நிலத்தால் அமைந்த பழைய கட்டு அத்தோடு அறுந்தது.

மாணவ நேயர்கள் அந்த 1832ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்க. அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள், கடலுக்கு அப்பால் ஐக்கிய அமெரிக்காவில், கிழவர்களான சேவகர்களுக்காக ஒரு சட்டம் பிறந்தது. 1775இல் தொடங்கி 1783இல் முடிந்த விடுதலைப் போரில் நிலையான படையோடு ஊர்ப்படைகளும் பொருதின. ஊர்ப்படையினர் நம் கண்டிச் சேவகரைப் போன்ற உழவர்களே. ஒரு மாதம், மூன்று மாதம் என அழைக்கப்படுவர், வீடு திரும்பி அறுவடை பார்ப்பர், மறுபடியும் அழைக்கப்படுவர். இவர்களுடைய சேவையைத் தெளிவாகக் காட்டும் பதிவுகள் குறைவு. இருந்த கடதாசிகளிலும் பல, 1800இல் யுத்தத் திணைக்களத்தில் மூண்ட தீக்கு இரையாயின.

1818இல் வந்த முந்திய சட்டம் நிலையான படையில் இருந்தோருக்கு மட்டுமே உரியது. அவர்களும் வறியவராக இருத்தல் வேண்டும். அந்த வறுமையைக் காட்டுவது எத்தகையது என்பதற்கு ஜோசப் பிளம் மார்ட்டின் சான்று. 1776இல், பதினைந்து வயதில், கனெக்டிகட் மாநிலப் படையில் ஆறு மாதத்துக்குச் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டு நிலையான படையில் சேர்ந்து போர் முடியுமட்டும் நின்றார். மாதம் எட்டு டொலர் உபகாரச் சம்பளம் பெற்ற அவர், 1820இல் தம் உடைமைகளைச் சத்தியம் செய்து எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. படுக்கையும் உடுபுடைவையும் நீங்கலாக இருந்தவை இரண்டு பசு, ஆறு செம்மறியாடு, ஒரு பன்றி. நாட்டைப் பெற்றுத் தந்தவனிடம் பன்றியையும் எண்ணிக் கணக்குக் கேட்டதை நினைக்கையில் மனம் கூசுகிறது.

1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையைக் கேட்கவில்லை. ஊர்ப்படையினரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆண்டு சேவித்தவனுக்கு ஆயுள்வரை முழுச் சம்பளம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் சேவித்தவனுக்கு அதற்கேற்ற பங்கு. ஆனால் எப்படி நிரூபிப்பது? எழுபது வயது கடந்த கிழவர்கள் உள்ளூர் நீதிமன்றம் சென்று, நீதிபதி முன் சத்தியம் செய்து, தம் கதையை வாயாற் சொன்னார்கள், எழுதுவினைஞர் எழுதிக்கொண்டார். கேட்பதற்கு ஏழு கேள்விகள் வகுக்கப்பட்டிருந்தன. எங்கே, எந்த ஆண்டில் பிறந்தாய்? வயதுக்குப் பதிவு உண்டா? அழைக்கப்பட்டபோது எங்கே வசித்தாய்? தானாகச் சேர்ந்தாயா, பிடித்துச் சேர்க்கப்பட்டாயா, பிறனுக்குப் பதிலாகச் சென்றாயா? உடனிருந்த அதிகாரிகளின் பெயர் என்ன? விடுவிப்புச் சீட்டுத் தந்தார்களா, அது இப்போது என்னவாயிற்று?

ஏழாவது கேள்வியே நம் கவனத்துக்குரியது. உன் வாய்மைக்கும், நீ சேவித்தாய் என்ற நம்பிக்கைக்கும் சாட்சி சொல்லக்கூடிய அயலவர் யார்? அதாவது, சீட்டுத் தொலைந்தவனுக்காக ஊரார் பேசலாம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஊர்ப் பாதிரியாரும் ஓர் அயலவரும் வந்து, இவர் சேவித்தவர் என்றே இப்பகுதியார் நம்புகின்றனர் என்பர். ஐம்பது ஆண்டுக்கு முந்திய நாள்களும் பெயர்களும் கிழவரின் நினைவில் முன்பின்னாகக் கலங்கியிருக்கும். பொய்யுரைத்தோரும் இருந்திருப்பர். எனினும் விடுதலைப் போர் வீரரின் உபகாரச் சம்பளக் கோவைகள் ஏறத்தாழ 80,000 வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு உரியனவாக இருக்கின்றன. தளபதிகளின் கடிதங்களிற் காணாத பசியும் குளிரும் அவற்றில் உண்டு.

நம் இனத்தாரும் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தவரே. மலாயாத் தோட்டங்களிலிருந்து 1943இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். 1972 ஆகஸ்டு 15இல் இந்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது, அந்த இராணுவத்தாரும் அதில் இடம்பெற்றனர். அங்கும் ஆறு மாதம் என்றே ஒரு கணக்கு: குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் காட்ட வேண்டும். சிறைக் குறிப்புக் கிடையாதபோது உடன் சிறையிருந்தோரின் சான்றிதழ் ஏற்கப்பட்டது. அயலவன் நின்ற இடத்தில் சிறைத்தோழன் நின்றான். அவனும் இறந்துவிட்டால்?

2001இல் ஒரு தியாகியின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. குற்ற வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று இவர்களிடம் கேட்கலாகாது. நடந்திருக்கக்கூடும் என்று நம்பத்தக்க அளவு சான்று போதும் என்பது தீர்ப்பு. அப்போது விடுதலை கிடைத்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.