நம் ஊருக்கு ஒரு சுற்றுலா

“கோயம்புத்தூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. ஒரு நாள் மருதமலை, ஒரு மாலை கடைவீதி. மறுநாள் விடியற்காலையில் உதகைக்கு வண்டியேற்றி விடுவோம். சுற்றுலா என்றால் பள்ளி மாணவியராகிய நமக்கும் உதகை, மைசூர், கொடைக்கானல்தான். பிறந்து வளர்ந்த ஊரைப் பார்த்திருக்கிறோமா என்று நாங்கள் எண்ணியதே இல்லை. கோட்டைமேட்டில் வசிக்கும் எங்கள் வகுப்புத் தோழிதான் எண்ண வைத்தாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் எங்களை வீட்டிற்கு அழைப்பாள். நாங்களும் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்வோம். “அந்தப் பக்கமெல்லாம் போக வேண்டாம், கண்ணு” என்று வீட்டில் சொல்லி வைத்திருந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? 1998 பிப்ரவரி 14 அன்று நம் நகரில் குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். அப்போது நாங்கள் பிறக்கவில்லை. அந்த நாளைக் கண்ட பெரியவர்களின் அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு முறையேனும் கண்டிராத தெருவைக் கண்டு நாங்கள் ஏன் அஞ்ச வேண்டும்?

இந்த ஆண்டு ஐந்து பேர் புறப்படுவதாக இருந்தது. ஒருத்திக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மற்ற நால்வரும், எங்களில் ஒருத்தியின் பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை டவுன்ஹாலில் பேருந்தை விட்டு இறங்கினோம்.

1892-இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா மன்றத்தின் முன்னால் எத்தனையோ முறை பேருந்துக்குக் காத்திருக்கிறோம். தலையை நிமிர்த்திப் பார்த்தது அன்றுதான். பெரிய கடைவீதிப் புனித மிக்கேல் பேராலயத்தில் செபித்துவிட்டு நடந்தால், ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். அங்கிருந்து சிறிது தொலைவில் கோனியம்மன் கோவில். மூன்றும் ஒரு நடைக்குள் அடங்கிவிடுகின்றன. மாசி மாதத்தில் கோனியம்மன் தேர் ராஜ வீதியிலிருந்து ஒப்பணக்கார வீதி வழியாக வரும். அப்போது வெயிலில் வரும் பக்தர்களுக்கு இசுலாமியப் பெருமக்கள் தண்ணீர் வழங்குகிறார்கள். இவ்வூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலும் கோவில்கள் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் வேண்டிக்கொண்ட தெய்வம் அது. வரலாற்றுப் பாடத்தில் எந்த ஊர்ப் பிளேக்கையோ படித்த நமக்கு, நம் ஊர்ப் பிளேக் தெரியவில்லை!

மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் ரங்கே கவுடர் வீதியை மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே கடந்தோம். பாட்டி மட்டும் தும்மவில்லை. மல்லி விலை கேட்டார்.

கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறிய கோட்டை அது. இப்போது பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிக் கோட்டை ஈசுவரன் கோவிலும் இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து பாட்டியின் காலருகே வந்து விழ, “மன்னிச்சுக்குங்க பாட்டி” என்று ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் அஞ்சிய தெருவில் எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவே.

தோழியின் வீட்டில் எங்களுக்குப் பிரியாணி. பாட்டி சனிக்கிழமையில் புலால் உண்ணமாட்டார். அதை மகள் வாயிலாகக் கேட்டறிந்திருந்த தோழியின் அம்மா, அவருக்கென்று தனியாக அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தார். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் ஒரே பாத்திரத்தில் வெந்து, மேலே நெய் ஊற்றிய நம் கொங்குச் சோறு. “இதெல்லாம் நீங்களும் ஆக்குவீங்களா, அம்மிணி?” என்றார் பாட்டி. “வாரத்துல ரெண்டு நாள் இதுதானுங்கம்மா” என்று பதில் வந்தது. பாட்டி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். குடிக்கச் சிறுவாணித் தண்ணீர். உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று நாம் பெருமை பேசுவோமே, அதுதான். (முதலாவது எது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.) அந்தச் சிறுவாணி அணையும் கேரள மண்ணில்தான் இருக்கிறது.

பெற்றோர்களையும் அருட்சகோதரிகளையும் நாங்கள் வேண்டுவது இதுதான். ஆண்டுச் சுற்றுலா உதகைக்கே போகட்டும்; ஆனால் அதற்கு முன் அரை நாள், ஆசிரியையர் துணையுடன், ஒவ்வொரு வகுப்பும் டவுன்ஹாலிலிருந்து கோட்டைமேடு வரை நடக்கட்டும். பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. வகுப்பில் அருகருகே அமரும் பிள்ளைகள் ஒருவர் தெருவை மற்றவர் அறியாமலே பத்தாம் வகுப்பை முடித்துப் போவது சரியென்று எங்களுக்குப் படவில்லை.

விடைபெறும்போது தோழியின் அம்மா, வர இயலாத ஐந்தாமவளுக்கு என்று ஒரு டப்பா நிறையத் தம்ரூட் கொடுத்தனுப்பினார். திங்களன்று அதை அவளிடம் சேர்ப்பித்தோம். அவள் அம்மாவும் சாப்பிட்டுப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்குதே, எந்தக் கடையில வாங்குனது?” என்று கேட்டாராம். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைக்கும்போது தெரிந்துகொள்வார்.