குப்பி விளக்கும் பகிடிவதையும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும், அவற்றையடுத்துப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் வெளியாகுங் காலத்தில் மாத்தளை மாவட்டத்து இல்லங்கள் பலவற்றில் மகிழ்ச்சி குடிபுகுகிறது. இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் தோட்டத்து லயன்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் இன்று உளர். அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக அவ்வாயிலை மிதிப்பவர்கள். பெட்டியில் எதை வைப்பது, விடுதிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்றெல்லாம் பெற்றோர் ஆலோசிக்கின்றனர். ஆனால், அங்கே போய்ச் சேர்ந்ததும், 'எங்களோடு சேர்ந்துகொள்' என்று பிள்ளையை அழைக்கும் கூட்டங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எதிற் சேர்வது, எதை விலக்குவது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளிலே கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட சகோதரர் கழகங்களும் சகோதரியர் கழகங்களும் உள்ளன. அவற்றுள் மூத்ததான 'பை பீட்டா கப்பா' 1776இல் தோன்றியது. இன்று அது கல்விச் சிறப்புக்கான மதிப்பாகவே விளங்குகிறது. ஆயினும், அதன்பின் தோன்றிய கழகங்கள் பலவற்றிற் புதிதாய்ச் சேர்பவரை இழிவுபடுத்திச் சோதிக்கும் வழக்கம் வேரூன்றி உயிர்களையும் பலிகொண்டது. அத்தகைய நிகழ்ச்சிகளைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டுமென்று அந்நாடு 2024 டிசம்பரில் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது.

நம் நாட்டில் கிரேக்க எழுத்துக் கழகங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் 'பற்ச்' என்னும் ஆண்டணி இருக்கிறது. அதன்மேல் மூத்த மாணவரின் ஆட்சி இருக்கிறது. அதற்கு யாப்பில்லை, பதிவேடில்லை, சேர விண்ணப்பமும் இல்லை. பீடத்தில் அடி வைத்த அன்றே பிள்ளை அதில் உறுப்பினர். எதை உடுப்பது, எவ்வழியே நடப்பது, யாரை எவ்வாறு வணங்குவது என்றெல்லாம் கட்டளைகள் பிறக்கின்றன. அவற்றை மறுப்பவர் தனிமைப்படுத்தப்படுகிறார். இதற்கு ஈழத்துத் தமிழ் வழங்கிய பெயர் 'பகிடிவதை'. பகிடி என்று தொடங்கி வதையில் முடிவதை அச்சொல்லே காட்டுகிறது.

கூட்டங்கள் யாவும் தீயன என்று நாம் கூறவில்லை. மாத்தளையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேராதனையையே எடுத்துக்கொள்வோம். 1942இற் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கு இடம்பெயர்ந்தது. மாணவர் ஒன்றாய் உறைந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றல் வேண்டும் என்பதே முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கொண்ட நோக்கம். அங்குள்ள தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்னும் இதழை வெளியிட்டு எழுத்தாளர் பலருக்கு முதற்களம் அமைத்தது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து, மாணவரைக் கொண்டே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றினார். அம்மேடையேறிய மாணவர் ஒன்றாய் உழைத்து ஒன்றாய் வியர்த்தனர். அவ்வுழைப்பே அவர்களைப் பிணைத்தது.

இன்னொரு நல்வழக்கமும் உண்டு. பரீட்சை நெருங்குகையில் மூத்த மாணவர் ஒருவர் இளையோரைக் கூட்டி, கடினமான பாடத்தை விளக்கிக் கற்பிப்பார். கட்டணம் எதுவும் இல்லை. இதற்குப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் பெயர் 'குப்பி'. போத்தலிலே மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கை நம் தோட்டத்து இல்லங்களுக்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. மின்சாரம் எட்டாத நாட்களில் நம் பிள்ளைகள் படித்தது அவ்வொளியிலன்றோ? ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றினால் முதல் விளக்குக்குக் குறைவில்லை. மூத்தோர், இளையோர் உறவு அவ்வாறு இருத்தல் வேண்டும்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். 1975இற் பேராதனை இராமநாதன் மண்டபத்தில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி மேல்மாடியிலிருந்து குதித்து, நடக்கவியலாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் கடுமையான உடற்பயிற்சிகளுக்கு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 2002இற் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திற் பகிடிவதையை எதிர்த்து நின்ற மாணவர் சமந்த விதானகே தாக்கப்பட்டு உயிரிழந்தார். கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1996இற் சிதம்பரத்திலே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவராற் கொல்லப்பட்டார். அதன் பின்னரே தமிழ்நாடு இக்கொடுமையைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது.

'உடற்பயிற்சி செய்வித்தால் உயிர் போகுமா?' என்று சிலர் வினவலாம். போகும். அளவுக்கு மீறிய பயிற்சியால் தசைகள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து இரத்தத்திற் கலக்கும் பொருள் சிறுநீரகங்களைப் பழுதாக்குகிறது. கடும் பயிற்சியின் பின் தசைகள் தாங்கொணாது வலித்து வீங்கினாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறங் கொண்டாலோ, ஒரு பொழுதும் தாமதியாது வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். நடந்ததை வைத்தியரிடம் ஒளிவின்றிச் சொல்லுதலும் வேண்டும். அண்ணன்மாரைக் காட்டிக்கொடுத்தல் ஆகாதென்று அங்கே வாய்மூடி இருப்பது உயிருக்கே கேடாகும்.

இவ்வளவு கேடுடைய வழக்கம் ஏன் அழியவில்லை? அதற்கு மூன்று நியாயங்கள் கூறப்படுகின்றன. பகிடிவதை ஏழை, செல்வர் என்னும் வேற்றுமையைப் போக்குமாம், ஆண்டணியை ஒற்றுமைப்படுத்துமாம், உலகத்தைத் தாங்கும் உறுதியைத் தருமாம். இவற்றை நாம் ஏற்பதற்கில்லை. எல்லோரையும் சமமாகத் தாழ்த்துவது சமத்துவமாகாது. ஒருங்கே அஞ்சுவோர் ஒருங்கே நிற்பர் என்பதும் உறுதியன்று. உறுதியைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை. விடியுமுன் கொழுந்துக்குப் புறப்படும் தாயையும், மழையில் மைல்கணக்காக நடந்து பள்ளி சேர்ந்த நாட்களையும் அறிந்த பிள்ளைக்கு வாழ்க்கையின் கடினத்தைக் கற்பிக்கப் பிறிதொருவர் வேண்டுமா?

சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்கிறது. மாணவருக்கோ அலுவலருக்கோ உடற்காயத்தை, உளக்காயத்தை, மனவேதனையை அல்லது அச்சத்தை விளைக்கும் செயலும், விளைக்கக்கூடிய செயலும் பகிடிவதையே. அது வளாகத்தின் உள்ளே நிகழ்ந்தாலும் வெளியே நிகழ்ந்தாலும் குற்றமே. செய்தவர் மட்டுமன்றி அதிற் பங்குபற்றியவரும் குற்றவாளியே. இதற்கு 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கலாம். பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நிகழ்ந்தால் 10 ஆண்டுகள் வரை விதிக்கலாம். குற்றவாளியைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்குமாறு கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே, எக்கூட்டத்திலாயினும் சேருமுன் பிள்ளைகள் தம்மைத் தாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நன்று. முதலாவது, இக்கூட்டம் பகலில், பலரறியக் கூடுகிறதா? பொறுப்பாசிரியரும் தெரிவான நிர்வாகிகளும் உளரா? இரண்டாவது, நுழைவதற்கு என்ன கேட்கிறது? சிறிது சந்தாவும் உழைப்பும் கேட்டால் கொடுக்கலாம். மானத்தைக் கேட்டால் கொடுத்தல் ஆகாது. மூன்றாவது, வேண்டாமென்று விலகினால் நூலகமும் உணவுச்சாலையும் விளையாட்டுத் திடலும் முன்போல் நமக்குத் திறந்திருக்குமா? விலக வழியில்லாத இடத்திற் சேர்ந்ததும் விருப்பத்தாற் சேர்ந்ததாகாது.

நான்காவது கேள்வியே தலையாயது. வரும் ஆண்டிலே இக்கூட்டம் நம்மை என்ன செய்யச் சொல்லும்? முதலாண்டில் அழுத பிள்ளையே இரண்டாம் ஆண்டில் இன்னொருவரை அழவைக்கும் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. தான் பட்டதை வீணாக்க மனமின்றி அதை மற்றவர்மேல் இறக்கிவைக்கிறது. பல்கலைக்கழகப் பகிடிவதையை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பது கொடியவர் சிலர் மட்டுமன்று. நல்ல பிள்ளைகள் பலரும் இவ்வாறு கைமாற்றிக் கொடுப்பதாலேயே அது வாழ்கிறது. அடுத்த ஆண்டு இறத்தோட்டையிலிருந்தே ஒரு தம்பியோ தங்கையோ வரக்கூடும். அப்பிள்ளையின் முன் எப்படி நிற்கப் போகிறோம் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொண்டவர் எளிதில் வழுவார்.

மறுத்து நிற்பது எளிதென்று நாம் சொல்லமாட்டோம். நண்பர் குறைவர், குறிப்புகள் கைக்கு வாரா, உணவுச்சாலையில் அருகில் அமர ஆளிருக்காது. ஊரிலிருந்து தனியே போன பிள்ளைக்கு இது பெருந்துன்பம். ஆனால், மறுப்பவர் பெரும்பாலும் ஒருவரல்லர். அவரைப் போன்றவர் இன்னும் சிலர் ஒவ்வோர் ஆண்டணியிலும் இருப்பர், அவர்களைத் தேடிக்கொள்க. நிகழ்ந்ததை நாள், நேரம், இடத்தோடு குறித்து வைத்தல் வேண்டும். மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி ஆகியோரிடம் முறையிடலாம். அங்குப் பயனில்லையெனில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் பொலிஸாரிடமும் செல்லலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தொலைபேசியிற் குரல் தளர்ந்து பேசும்போது, 'எல்லோரும் பட்டதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று சொல்லாதீர்கள். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. படிப்பை விட்டு வந்துவிடு என்று அவசரப்படவும் வேண்டாம். முதலிற் கேளுங்கள், 'நீ மறுத்தாலும் நாங்கள் உன்னோடு இருக்கிறோம்' என்று சொல்லுங்கள். பல்கலைக்கழக வழக்கங்களை அறியாத தாய்தந்தையரும் இதைச் சொல்லலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகப் பஞ்சரத பவனியை நம் பிள்ளைகள் அறிவர். ஐந்து தேர்களின் வடங்களையும் எத்தனையோ கைகள் பற்றுகின்றன. புதிதாய் வருபவரிடம் எவரும் பரீட்சை வைப்பதில்லை. சற்று விலகி அவர் கைக்கும் இடங்கொடுக்கின்றனர். பல்கலைக்கழகத்தில் அவ்வாறு இடங்கொடுக்கும் கூட்டங்கள் உண்டு. அவற்றைத் தேடிச் சேருங்கள். மூன்றாம் ஆண்டில் நீங்களும் ஒரு குப்பி வகுப்பு நடத்துங்கள். இவ்வாண்டு பெட்டி கட்டும் பிள்ளைகள் அனைவருக்கும் நமது நல்வாழ்த்துகள்.