விதி மனப்பாடம் ஆனால் போதுமா?

மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே 2024 ஜூன் 17-ஆம் தேதி காலை, கஞ்சன்ஜங்கா விரைவு ரயிலின் பின்புறம் சரக்கு ரயில் ஒன்று மோதியதில் 10 பேர் உயிரிழந்தனர். சரக்கு ரயிலின் ஓட்டுநரும் அவர்களில் ஒருவர். அன்றே தில்லி ரயில் பவனிலிருந்து விளக்கம் வந்துவிட்டது: சரக்கு ரயிலின் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்பதே அது. மறுத்துப் பேச அவர் உயிருடன் இல்லை.

ஒரு மாதம் கழித்து ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வெளியானபோது காட்சி மாறியது. ரயில்வே அமைச்சகத்தின் கீழ் அல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அந்த ஆணையம் சொன்ன செய்தி சங்கடமானது. அன்று அதிகாலை முதலே அப்பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுதாகி இருந்தன. அவற்றைக் கடந்து செல்ல ஓட்டுநர்களுக்கு 'டி.ஏ. 912' என்னும் எழுத்துமூல அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பது அந்தச் சீட்டில் இல்லை.

விபத்துக்குள்ளான இரண்டு ரயில்களைத் தவிர, மேலும் ஐந்து ரயில்கள் அன்று அதே அனுமதியுடன் அத்தடத்தில் நுழைந்தன. பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்துக்கு மிகாமல் செல்ல வேண்டும் என்ற நெறியைப் பின்பற்றியது கஞ்சன்ஜங்கா விரைவு ரயில் மட்டுமே. மற்ற ஆறும் தத்தமக்குத் தோன்றிய வேகத்தில் சென்றன. விதியைக் கடைப்பிடித்த ரயிலின் மீதுதான் பின்னால் வந்த ரயில் மோதியது என்பதைக் காட்டிலும் கசப்பான முரண் வேறு இருக்க முடியாது.

ஒருவர் தவறினால் அது அவருடைய தவறு. ஏழு ரயில்களில் ஆறின் ஓட்டுநர்கள் ஒரே சீட்டை வேறுவிதமாகப் புரிந்துகொண்டால், அது பயிற்சியின் தவறு. தானியங்கி சிக்னல் பகுதிகளில் ரயில் இயக்கம் குறித்து ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய ஆலோசனையும் பயிற்சியும் அளிக்கப்படவில்லை என்பதை ஆணையரின் அறிக்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. நேரவிருந்த விபத்துதான் நேர்ந்தது என்னும் பொருளில் அது பேசியது.

பணியில் சேரும் வாசலில் மனத்திறனைச் சோதிப்பதில் ரயில்வே குறை வைப்பதில்லை. உதவி ஓட்டுநராக விரும்புவோருக்கு நினைவாற்றல், கவனக் குவிப்பு, ஆழத்தை உணரும் திறன், கண்டறியும் வேகம், அறிவுறுத்தலைப் பின்பற்றும் திறன் ஆகியவற்றைக் கணினி வழியே அளக்கும் உளவியல் தேர்வு உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் வெளியேற வேண்டியதுதான். இவ்வளவு கண்டிப்புடன் தேர்ந்தெடுத்த மூளையை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பேணுவது எப்படி என்ற கேள்வி வரும்போதுதான் நிர்வாகத்தின் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

புத்தாக்கப் பயிற்சி என்பது பெரும்பாலும் பொது விதிகளையும் துணை விதிகளையும் மீண்டும் ஒப்பிப்பதாகவே இருக்கிறது. ஆனால் எஞ்சினில் அமர்ந்திருப்பவருக்கு நேரும் சோதனை விதி எண் என்ன என்பதல்ல. கையில் ஒரு சீட்டு, எதிரே எரியாத அல்லது ஓயாது சிவந்து நிற்கும் சிக்னல், முன்னால் சென்ற ரயில் எங்கே என்று தெரியாத நிலை. இவற்றுக்கிடையே சில விநாடிகளில் முடிவெடுப்பதுதான். இது பயிற்றுவிக்கக்கூடிய திறன். பயிற்சி மையங்களில் உள்ள சிமுலேட்டர்களில் இத்தகைய குழப்பமான சூழல்களை உருவாக்கி, ஓட்டுநரையும் நிலைய அதிகாரியையும் சேர்த்தே பழக்கலாம். சீட்டை எழுதித் தருபவரும் அதைப் படிப்பவரும் ஒரே வகுப்பில் அமர்வதில் என்ன இடையூறு இருக்க முடியும்?

எளிய பழக்கங்களுக்கும் பலன் உண்டு. சிக்னலைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லும் முறை ஜப்பானிய ரயில்வேயில் நெடுங்காலமாக உள்ளது. இதனால் எளிய பணிகளில் தவறுகள் சுமார் 85 சதவீதம் குறைவதாக அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994-இல் கண்டறிந்தது. இந்தியாவிலும் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னலை உரக்க அழைக்கும் விதி இருக்கிறது. அது ஏன் என்று விளக்கிச் சொல்லப்படாத இடங்களில் வெறும் சடங்காகிவிடுகிறது.

ஓட்டுநருடன் எஞ்சினில் பயணித்து வழிகாட்ட வேண்டிய லோகோ இன்ஸ்பெக்டர், ஆசானாக இருக்க வேண்டியவர். குற்றம் கண்டுபிடிப்பவராக அல்ல. சந்தேகம் கேட்டால் அது தம் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சும் ஊழியர், கேட்காமலேயே வண்டியை எடுப்பார். விபத்து நடந்த அன்றே இறந்தவர் மீது பழி சுமத்தும் நிர்வாகத்திடம் எவர்தான் தம் ஐயத்தை ஒப்புக்கொள்வார்?

உறங்காத மூளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 16 மணி நேரத் தலைமையக ஓய்வுடன் 30 மணி நேர வார ஓய்வும் வேண்டும், தொடர் இரவுப் பணி இரண்டு நாள்களுக்கு மேல் கூடாது என்று தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் அதே 2024 ஜூனில் போராடினர். அதைத் தில்லி ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விவகாரமாகப் பார்த்தது. பாதுகாப்புப் பிரச்னையாகப் பார்த்திருக்க வேண்டும்.

'கவச்' தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு விரைந்து பரவ வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. விபத்து நடந்த தடத்தில் அது இல்லை. எனினும், கருவி பழுதாகும் நாளில் வண்டியைச் செலுத்துவது மனித அறிவுதான். ரங்கபாணியில் பழுதானதும் ஒரு தானியங்கி அமைப்பே.

மத்திய அரசு ஊழியர்களின் திறன் வளர்க்க 2020-இல் 'கர்மயோகி' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இணையவழியில் எத்தனை பாடங்கள், எத்தனை சான்றிதழ்கள் என்ற கணக்கு அதில் எளிதாகக் கிடைக்கிறது. பழுதான சிக்னல் முன் நிற்கும் ஓட்டுநருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

விபத்துக்கு மறுநாளே, உதவி ஓட்டுநர் காலியிடங்களின் எண்ணிக்கை 5,696-இலிருந்து 18,799-ஆக உயர்த்தப்பட்டது. தேவையான முடிவுதான்; தாமதமாக வந்தது. ஆனால், இத்தனை ஆயிரம் பேரின் கையில் எஞ்சினை ஒப்படைக்கும் முன்னர், டி.ஏ. 912 சீட்டைக் கையில் கொடுத்து, இப்போது என்ன வேகத்தில் செல்வீர்கள் என்று ரயில்வே வாரியம் ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும். வெவ்வேறு விடைகள் வந்தால், முதலில் திருத்த வேண்டியது அந்தச் சீட்டையும் பாடத்திட்டத்தையும்தான்.