‘சுத்தமாக இல்லை’ என்கிறீர்களே, தண்ணீர் எங்கே?

“பேஷண்ட் சுத்தமா இல்ல, அதான் செப்டிக் ஆயிடுச்சு.”

பள்ளிப்பட்டு பக்கத்துக் காலனியிலிருந்து நாங்கள் சென்னைக்குக் கூட்டிப்போன பெண்ணைப் பற்றி, அவர் முன்னாலேயே சொல்லப்பட்ட தீர்ப்பு இது. கழுத்தில் தீக்காயத் தழும்பு. பக்கத்திலுள்ள நல்ல தோலுக்கடியில் சிலிகான் பை ஒன்றை வைத்தார்கள். வாரந்தோறும் அதில் ஊசிவழியே உப்புநீர் ஏற்றினால், கர்ப்பிணியின் வயிற்றுத் தோல்போல மேல்தோல் விரியும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பையை எடுத்துவிட்டு, விரிந்த தோலால் தழும்பை மூடுவார்கள். நல்ல சிகிச்சைதான், மறுக்கவில்லை. ஆறாவது வாரம் சீழ் வைத்தது. பையை எடுத்துவிட்டார்கள். தழும்பு அப்படியே இருக்கிறது.

இந்த அறுவையில் தொற்று அபூர்வமல்ல. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உடல்பருமன், மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே கொடுத்த கதிர்வீச்சு, ரத்த ஓட்டம் குறைந்த தழும்புத்தோல் என்று மருத்துவம் காரணங்களை வரிசைப்படுத்துகிறது. எல்லாம் உண்மை. ஆனால் எல்லாமே நோயாளியின் உடம்புக்குள் தேடப்பட்டவை. எங்கள் பெண்ணுக்குச் சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, பருமனும் இல்லை. ஆகவே கையில் மிஞ்சியது ‘சுத்தம்’.

அவர் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். குளியலறை என்பது நான்கு கழியும் பழைய சேலையும். ஒவ்வொரு ஊசிக்கும் திருத்தணி வழியாகப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம். கட்டுப்போட்ட கழுத்தோடு, பஸ்ஸில் நின்றபடி, வியர்வையில். அன்றைய கூலியும் போச்சு. கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கினால் அந்த வார ஊசியும் இல்லை. இவற்றை எந்த கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்?

கடைசியில் பையைப் பறித்தது அழுக்கல்ல, ஐந்து நாள் தாமதம். தோல் சிவந்து சுட்டபோதே அவர் உள்ளூரில் காட்டினார். “அங்க வச்சது, நாங்க தொட முடியாது” என்றார்கள். மாத்திரைகூடத் தரவில்லை. சென்னையில் ஓ.பி. நாள் வரக் காத்திருந்தார். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பல நேரம் பையைக் காப்பாற்றலாம். ஆழமாகப் பரவியபின் எடுப்பதைத் தவிர வழியில்லை.

‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு எங்களிடம் நீண்ட கணக்கு இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியிலேயே மலம் கலந்த நாடு இது. தொடாதே, எட்டி நில் என்றவர்களின் சொல்லை, வெள்ளைக் கோட்டு போட்டவர் தெரியாமல் சொன்னாலும் எங்களுக்குக் காது கேட்கும்.

வழியே இல்லையா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் டயாலிசிஸ் பைகளே வீட்டுக்கு வருகின்றன. கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வரக்கூடாதா? 2022இல் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உப்புநீர் ஊசியை அங்கே போட ஏற்பாடு செய்யக்கூடாதா? டிஸ்சார்ஜ் சீட்டில் அவசரத்துக்கு ஒரு போன் நம்பர்? வீட்டில் தண்ணீர் உண்டா என்று அறுவைக்கு முன்னால் ஒரு கேள்வி? இல்லையென்றால் ஊசி முடியும்வரை தங்க ஒரு கட்டில்?

பை வைத்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு: சிவப்பு, சூடு, வீக்கம், கசிவு, காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே கிளம்புங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு மறுபடி பை வைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை தண்ணீர்க் குழாயையும் அதே மனுவில் சேர்த்திருக்கிறோம்.